ஒரு நாள் தாலியும் அன்றாடக் கூலியும்

(கட்டடத் தொழிலாளர் சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பின் முடிவில் ஒரு தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அன்று நேரமில்லை. "கூலி, விலைவாசி, மனைப்பட்டா என்று நூறு பிரச்னைகள் தலைக்கு மேல் நிற்கும்போது, திருநங்கைகள் விஷயத்தையும், ஆணை ஆண் விரும்புவது, பெண்ணைப் பெண் விரும்புவது என்கிற விஷயத்தையும் நாம் எதற்காகக் கையில் எடுக்க வேண்டும்? மதமும் ஏற்கவில்லை, ஊரும் ஏற்கவில்லையே!" என்றார். நேர்மையான கேள்வி. பலர் மனத்தில் இருந்ததை அவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான். ஆகவே இன்று அதையே பேசுவோம். மதம் ஏற்கவில்லை என்பது மெய்யா? ஊர் ஏற்கவில்லை என்றால், அந்த ஊர் என்பது யார்?

முதலில் மதத்தை எடுத்துக்கொள்வோம். கூவாகம் உங்களில் பலருக்குத் தெரிந்த ஊர். கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம். அங்கே கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் 18 நாள் திருவிழா. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடுகிறார்கள். கதை உங்களுக்குத் தெரியும். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் சகல லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களபலி கொடுக்க வேண்டும். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் சம்மதிக்கிறான். சாவதற்கு முன் கலியாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? கிருஷ்ணனே மோகினியாக வந்து மாலையிடுகிறான். ஓர் இரவு மனைவி, விடிந்தால் விதவை. அந்த மோகினியாகத் தங்களைக் கருதித்தான் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கும்மி, பாட்டு, கொண்டாட்டம். மறுநாள் தேர் போனபிறகு தாலி அறுப்பு, வளையல் உடைப்பு, ஒப்பாரி, வெள்ளைப் புடவை. அரவாணி என்று ஒரு காலத்தில் வழங்கிய பெயர் இந்தக் கதையிலிருந்து வந்ததே. திருநங்கை என்ற பெயர் பிறகு நிலைத்தது.

நம்மில் சில பகுத்தறிவுத் தோழர்கள் இதை "மூடநம்பிக்கை" என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ராத்திரியில் தாலி கட்டிக்கொள்வது திருநங்கைகள் மட்டுமல்ல. சுற்றுவட்டாரத்துக் குடியானவர்களும், ஆண்பிள்ளைகள்கூட, வேண்டுதலாகக் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். எந்தப் பண்டிதனும் கட்டளையிட்டு இது நடக்கவில்லை. எழுத்தறியாத விவசாய ஜனங்கள், தங்கள் சாமியிடத்தில் இவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். பெற்ற தாய்தகப்பனே வீட்டை விட்டு விரட்டிய ஒருவருக்கு, வருஷத்தில் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து பூ வைத்துக்கொண்டு நடக்க ஓர் ஊர் இருந்தது. அது லேசான காரியமல்ல.

ஆனால் அந்த இடத்தின் அளவு என்ன? ஓர் இரவு. அதுவும் விதவையாகப் போவதற்கென்றே கட்டுகிற தாலி. கூவாகத்தில் கையெடுத்துக் கும்பிடுகிற அதே கனவான், அடுத்த வாரம் அதே திருநங்கை வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் கதவைச் சாத்துகிறான். சாமி சந்நிதியில் மோகினி. வீதிக்கு வந்தால் வேறு பெயர், அந்தப் பெயரை நான் இங்கே சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் கும்பிட்டவன் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. கும்பிடுகிற இடம் ஒன்று, குடியிருக்கிற இடம் வேறு என்று அவன் பழகிவிட்டான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கூவாகத்தின் கதையில் திருநங்கைக்காவது ஒரு பாத்திரம் உண்டு. ஒருவரை ஒருவர் விரும்புகிற இரண்டு பெண்களுக்கு அந்தக் கதையில் ஒரு ராத்திரிகூடக் கிடையாது.

மற்ற 364 நாளும் அவர்களைக் காப்பாற்றியது யார்? அவர்களே. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாக ஏற்றுக்கொள்கிறார். அம்மா, மகள், நானி என்று உறவுமுறை. ஜமாத் என்று ஒரு பஞ்சாயத்து. நோய் என்றால் கஞ்சி, செத்தால் தூக்குவதற்கு நாலு பேர். அதற்குள்ளும் மேல்கீழ் உண்டு, வசூல் உண்டு, அபராதம் உண்டு, நான் மறைக்கவில்லை. எங்கே சர்க்காரும் குடும்பமும் கைவிட்டதோ அங்கே எழும்புகிற எந்த ஸ்தாபனத்திலும் அது இருக்கும். ஆனாலும் இந்த அம்மா-மகள் உறவு ஒன்றுதான் பலருக்கு உயிர் கொடுத்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள். ஏனென்றால் வெள்ளைக்காரன் குறிவைத்து அடித்தது இந்த இடத்தில்தான்.

1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் நம் மதுரைப் பக்கத்துத் தோழர்களுக்கு ரத்தம் கொதிக்கும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மாட்டோம் என்ற பிரமலைக் கள்ளர்களை வெள்ளை சர்க்கார் சுட்டுக் கொன்றதை மறக்க முடியுமா? அந்தச் சட்ட வரிசை பிறந்தது 1871-ல். அந்த முதல் சட்டத்துக்கு இரண்டு பாகம். முதல் பாகம் சாதிகளுக்கு. இரண்டாம் பாகம் யாருக்கு என்று பலருக்குத் தெரியாது. அது திருநங்கைகளை நோக்கியது. வடமேற்கு மாகாணங்களில்தான் அதை முக்கியமாகப் பிரயோகித்தார்கள். சந்தேகப்படுகிறவர்களின் பெயர், வீடு, சொத்து எல்லாம் பதிவேட்டில். பதிவானவர் பெண் உடையில், பெண் நகையோடு தெருவில் காணப்பட்டால், பொது இடத்தில் பாடினால், ஆடினால், வாரண்ட் இல்லாமல் கைது. 2 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதோடு விட்டானா? பதிவானவர் தத்து எடுக்கக்கூடாது. மைனருக்குக் கார்டியனாகக்கூடாது. தானம் கொடுக்கக்கூடாது, உயில் எழுதக்கூடாது. தெருவில் பாடக்கூடாது என்றால் பிழைப்பு போயிற்று. தத்து எடுக்கக்கூடாது, உயில் எழுதக்கூடாது என்றால் குடும்பம் போயிற்று. அம்மா-மகள் உறவின் கழுத்தில் கத்தி வைத்தான் வெள்ளைக்காரன்.

அதே கையெழுத்து ஹைதராபாத் சமஸ்தானத்திலும் பரவியது. 1919-ல் நிஜாம் சர்க்காரும் அதே மாதிரி ஒரு சட்டம் போட்டது. நிஜாம் போனார், சமஸ்தானம் போயிற்று, தெலங்கானா தனி மாநிலமாயிற்று. ஆனால் சட்டம் மட்டும் புத்தகத்தில் குந்திக்கொண்டிருந்தது. 2023 ஜூலையில்தான் தெலங்கானா ஹைகோர்ட் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. நூறு வருஷத்துக்கு மேல், தோழர்களே!

இதற்கு அண்ணன் ஒன்றிருந்தது: மெக்காலே எழுதிவைத்துப்போன பீனல் கோடு, 1860-ம் வருஷத்தது, 377-ம் செக்ஷன். ஆணும் ஆணும் சேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போடலாம் என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதே குற்றத்தை 1967-லேயே, 21 வயது நிறைந்தவர்களுக்குள் தனிமையில் நடந்தால் குற்றமில்லை என்று எடுத்துவிட்டார்கள். சரக்கை அனுப்பியவன் தன் கடையை மூடிவிட்டான். நாம் இன்னும் 51 வருஷம் அதை வைத்து வியாபாரம் செய்தோம். 2018 செப்டம்பர் 6-ந் தேதிதான் சுப்ரீம் கோர்ட் அதை வெட்டி எறிந்தது.

இடையில் நடந்த கூத்து ஒன்று இருக்கிறது. 2009 ஜூலையில் டில்லி ஹைகோர்ட், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு நடப்பது குற்றமாகாது என்று தீர்ப்புச் சொன்னது. உடனே சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல். அப்பீலுக்குப் போன கனவான்கள் யார்? ஒரு ஜோதிடர். முஸ்லிம் தனிச்சட்ட வாரியம். கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்புகள். மனுதர்மத்தின் பெயராலேயே ஒரு கோஷ்டி. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரு மேஜையில் உட்காராத மதத் தலைவர்கள், மெக்காலே துரையின் செக்ஷனைக் காப்பாற்ற ஒரே வரிசையில் நின்றார்கள்! 2013 டிசம்பர் 11-ந் தேதி அவர்களுக்கு ஜெயம் கிடைத்தது. அது 5 வருஷம் நின்றது. நமது பண்பாடு, நமது பண்பாடு என்று அவர்கள் கட்டிப் பிடித்தது லண்டன் சரக்கு. கூவாகத்துக் குடியானவனுக்கு இருந்த விசாலம்கூட அந்தத் தலைவர்களுக்கு இல்லை.

இதைச் சொன்னதும், "மதக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் 1964-ல், கிளைட் மெதடிஸ்ட் சர்ச்சைச் சேர்ந்த பாதிரிமாரும் வேறு சில சபைப் பாதிரிமாரும், தன்பால் விருப்பமுடையவர்களின் சங்கங்களோடு சேர்ந்து ஒரு கவுன்சில் அமைத்தார்கள். அதற்கு நிதி திரட்ட 1965 ஜனவரி 1-ந் தேதி ராத்திரி ஒரு நடன விருந்து. போலீசுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துத்தான் நடத்தினார்கள். போலீஸ் என்ன செய்தது? வாசலில் வெளிச்சம் போட்டு, வருகிற போகிற ஒவ்வொருவரையும் போட்டோ எடுத்தது. அந்தக் காலத்தில் அந்தப் படம் வெளியே போனால் வேலை போச்சு, வீடு போச்சு. உள்ளே வரவேண்டுமானால் வாரண்ட் கொண்டு வா என்று சட்டம் பேசிய வக்கீல்களைக் கைது செய்தது. பாதிரிமார்கள் தங்கள் மனைவிமாரோடு அதைக் கண்ணால் பார்த்தார்கள். மறுநாள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, போலீசை வெளுத்து வாங்கினார்கள். வழக்கு கோர்ட்டில் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் இந்த ஜனங்கள் இதையே சொல்லிக் கத்தியபோது நம்பாத ஊர், வெள்ளைக் காலர் அணிந்த பாதிரியார் சொன்னதும் நம்பியது. அதில் ஒரு கசப்பு இருக்கிறது. இருந்தாலும் நடந்தது நன்மைதான். அந்தப் பாதிரிமார் எந்த வேத வாக்கியத்தையும் மாற்றி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தில் நின்றார்கள். நின்றதால் அடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

நம் ஊர்ச் செய்தியும் ஒன்று. 2018 அக்டோபர் 31-ந் தேதி தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஒரு வாலிபருக்கும் ஒரு திருநங்கைக்கும் கலியாணம். கோயிலில் நடந்த கலியாணத்தைச் சர்க்கார் ரிஜிஸ்டிரார் பதிவு செய்ய மறுத்தார்! சாமிக்குச் சம்மதம், குமாஸ்தாவுக்குச் சம்மதமில்லை. 2019 ஏப்ரலில் மதுரை ஹைகோர்ட் கிளை, இந்து விவாகச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் சேர்த்தே குறிக்கும் என்று சொல்லிப் பதிவு செய்ய உத்தரவிட்டது. கூவாகத்துத் தாலி விடிந்தால் அறுபடும். இந்தத் தாலிக்கு ரிஜிஸ்டர் எண் உண்டு. நாம் கேட்கிற வித்தியாசம் இதுதான்.

இன்னும் ஒன்று. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழ வேண்டும் என்று வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்து ஹைகோர்ட்டை அணுகினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதன்பிறகே 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். வைத்தியம் செய்து மாற்றுகிறேன் என்று கிளம்புவதைத் தடை செய்தார். போலீஸ் தொல்லை கொடுக்கக்கூடாது என்றார். ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் கற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. அதை மட்டும் சொல்லி மேலே போகிறேன்.

சரி, ஊர் ஏற்கவில்லை என்பதற்கு வருவோம். ஊர் என்றால் நமக்குத் தெரிந்த ஊர் எது? தொழிலாளி ஊர். ஆகவே தொழிலாளி ஊர் ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

1984 மார்ச் மாதம் பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுரங்கங்களை மூடுவதற்குத் தாச்சர் அம்மையார் தீர்மானித்துவிட்டார். ஒரு வருஷம் நீடித்த போராட்டம். வேல்ஸ் சுரங்கச் சங்கத்தின் நிதியைக் கோர்ட் முடக்கிவிட்டது. குழந்தைகளுக்குச் சோறு எங்கிருந்து வரும்? நேரடியாக ஊருக்கு ஊர் கைகொடுத்தால்தான் உண்டு. அப்போது லண்டனில் தன்பால் விருப்பமுடைய ஆண்களும் பெண்களும் கூடி, சுரங்கத் தொழிலாளர் ஆதரவுக் குழு ஒன்று அமைத்தார்கள். முன்நின்றவர்கள் மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன். மார்க் ஆஷ்டன் ஒரு கம்யூனிஸ்டு வாலிபர். தெருவில் வாளி ஏந்தி வசூலித்தார்கள். நம்மை அடிக்கிற போலீஸ்தான் அவர்களையும் அடிக்கிறது, நம்மைப் பற்றிப் பொய் எழுதுகிற பத்திரிகைதான் அவர்களைப் பற்றியும் எழுதுகிறது என்பது அவர்கள் கணக்கு.

பணம் போய்ச் சேர்ந்த இடம் தெற்கு வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்கு. சர்ச்சும் கட்டுப்பாடும் ஊறிய சுரங்க ஊர்கள். அங்கிருந்து டாய் டோனவன் என்ற தோழர் லண்டனுக்கு வந்து நன்றி சொன்னார். அக்டோபரில் லண்டன்காரர்கள் அங்கே போனார்கள். தொழிலாளர் வீடுகளில் தங்கினார்கள், அவர்கள் அடுப்பில் டீ குடித்தார்கள். டிசம்பர் 10-ந் தேதி லண்டனில் ஒரு கச்சேரி நடத்தியதில் மட்டும் 5,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது.

வேலைநிறுத்தம் தோற்றது. 1985 மார்ச்சில் கொடியும் பேண்டு வாத்தியமுமாக, தலைகுனியாமல் வேலைக்குத் திரும்பினார்கள். ஜூன் மாதம் லண்டனில் தன்பால் விருப்பமுடையோரின் வருடாந்திர ஊர்வலம். அதற்கு வேல்ஸ் தொழிலாளர்கள் பஸ் ஏறி வந்து, தங்கள் சங்கக் கொடியோடு முன்வரிசையில் நடந்தார்கள். அதே வருஷம் லேபர் கட்சி மாநாட்டில் இவர்களுக்குச் சம உரிமை கோரும் தீர்மானம் வந்தபோது, சுரங்கச் சங்கத்தின் ஓட்டு அதற்குப் பின்னால் நின்றது. மார்க் ஆஷ்டன் 1987 பிப்ரவரியில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 26.

அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு யாரும் பிரசங்கம் செய்து மனம் மாற்றவில்லை. பசி நேரத்தில் யார் வாளியோடு வந்தார்கள் என்று அவன் பார்த்தான்.

"இதெல்லாம் முதலாளித்துவச் சீரழிவு" என்று சொல்கிற நண்பர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு ஒரே ஒரு செய்தி. பெண்ணும் சோஷலிசமும் எழுதிய பேபல், 1898-லேயே ஜெர்மன் பார்லிமெண்டில் எழுந்து, ஆணும் ஆணும் சேர்வதைத் தண்டிக்கிற 175-ம் பிரிவை நீக்க வேண்டும் என்று வாதாடினார். அக்டோபர் புரட்சிக்குப் பிறகு வந்த 1922-ம் வருஷத்து ருஷ்யக் குற்றச் சட்டத்தில் அந்தக் குற்றமே இல்லை. 1934-ல் அது திரும்பக் கொண்டுவரப்பட்டது. 1993 வரை ஆட்களைச் சிறையில் தள்ளியது. அது பின்வாங்கல். பின்வாங்கலைப் பின்வாங்கல் என்றே சொல்ல வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மூன்று திருநங்கைகள் நம் சங்கத்தில் சேர விண்ணப்பம் கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் டீக்கடையில் பேச்சு நடக்கிறது, அதனால்தான் அந்தக் கேள்வியும் வந்தது. மூவரும் ஒன்றரை வருஷமாகக் கட்டட வேலை செய்கிறார்கள். கலவை போடுகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள், தளம் போடும்போது சட்டி கைமாற்றுகிறார்கள். சுமை ஏற்றும்போது மேஸ்திரி சொல்கிறார்: "நீ ஆம்பளைதானே, தூக்கு." சனிக்கிழமை கூலி எண்ணும்போது அதே மேஸ்திரி சொல்கிறார்: "நீ பொம்பளைதானே, இந்தா." தூக்குவது பெரியாள் சுமை, வாங்குவது சித்தாள் கூலி. களங்கம், களங்கம் என்கிறோமே, அதற்கு ரூபாய் அணா கணக்கு உண்டு தோழர்களே. அந்தக் கணக்கு கான்ட்ராக்டரின் மடியில் இருக்கிறது. நாளைக்கு அவன் உங்களிடம் வந்து, "அவர்கள் இந்தக் கூலிக்குச் செய்கிறார்களே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கமாட்டானா?

ஆட்சேபணை எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தேன். பெண் தோழர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சித்தாள் வேலை செய்கிற நம் சகோதரிகளிடம் நேரில் கேட்டேன். "ஒரே குடத்துத் தண்ணிதானே குடிக்கிறோம்" என்றார் ஒருவர். "மொதல்ல எங்க கூலியையும் அவுங்க கூலியையும் சேத்துக் கேளுங்க" என்றார் இன்னொருவர். அந்தப் பெரியாள்-சித்தாள் வித்தியாசமே அநியாயம் என்பதை அந்த அம்மாள் எனக்கு ஞாபகப்படுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. மூன்று விண்ணப்பங்களும் மேஜைமேல் இருக்கும். சந்தாத் தொகை கட்டியாகிவிட்டது. நலவாரியப் பதிவுக்கான தாள்களைப் பூர்த்தி செய்ய நமது அலுவலகத் தோழர் உதவுகிறார். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டுக் கான்ட்ராக்டருக்கு அனுப்ப ஒரு கடிதமும் தயார். அதில் மூவர் பெயரோடு சித்தாள் சகோதரிகள் பெயர்களும் இருக்கின்றன. ஆட்சேபணை உள்ளவர்கள் டீக்கடையில் பேச வேண்டாம், குழுவுக்கு வந்து பேசட்டும். அந்த மூவரும் அன்று அங்கே இருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசட்டும்.